மாமா ஓதிக்கொடுத்த கிழமை

வாயைத் திறந்து படிக்காத பிள்ளை படிக்காத பிள்ளைதான் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். விடியற்காலையில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் அதுதான் சட்டம். ஓதிக்கொடுக்கிற லெப்பை ஒரு பக்கம் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். நாம் ஆளுக்கொரு பாடத்தை, ஆளுக்கொரு குரலில், முன்னும் பின்னும் ஆடி ஆடி ஓதிக்கொண்டிருப்போம். தெருவில் போகிறவருக்கு அது இரைச்சல். லெப்பைக்கு அப்படியில்லை. இடிப்பதை நிறுத்தாமலே, மூலையில் இருக்கிறவள் எந்த இடத்தை நீட்டாமல் விட்டாள் என்று சொல்லுவார். சத்தம் நின்றால்தான் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். இது உங்களில் யாருக்காவது மறந்து போயிருந்தால் காதோடு சேர்த்து ஞாபகமும் போய்விட்டது என்று வையுங்கள். நம் வயதில் அது ஒன்றும் குற்றமில்லை.

உங்களில் பலருக்குத் தெரியாதது, ஓதிவிட்டு வந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டு, நான் போய் உட்கார்ந்த மற்ற இடம். கல்முனையில் மாதா கோயிலை ஒட்டிக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். ஒரே நீள மண்டபம். நடுவில் மரத் தட்டிகளை நிறுத்தி வகுப்பு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். சிவப்புச் சீமெந்துத் தரை. ஒவ்வொரு வெள்ளியும் தேங்காய்த் தும்பு வைத்துத் தேய்ப்பார்கள், குனிந்தால் நம் முகத்தின் நிழல் தெரியும். மெழுகு மணமும் சுண்ணக்கட்டி மணமும் கலந்து கிடக்கும். அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிற பிள்ளைதான் படிக்கிற பிள்ளை.

எங்கள் வகுப்பு சிஸ்டரின் உள்ளங்கைக்குள் இரண்டு மரத்துண்டு இருக்கும், சின்னப் புத்தகம்போல மடிகிறது. அதைச் சட்டென்று மூடினால் ‘டக்’ என்று கேட்கும். ஒரு டக் என்றால் வாயை மூட வேண்டும். இரண்டு டக் என்றால் எழும்ப வேண்டும். அந்தச் சாமானின் சரியான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் டக்குக் கட்டை என்போம். சிஸ்டர் யாழ்ப்பாணப் பக்கத்து ஆள். மெலிந்த உடம்பு, பெரிய கைகள். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கத்துகிற வேலையை அந்தக் கட்டையிடம் கொடுத்திருந்தார்.

வாப்பா மாவடிப்பள்ளியில் வயல் செய்தவர். அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த ஒரு கடுதாசியை யாரோ ஒரு பொடியனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல நேர்ந்த வெட்கத்தில், மகளாவது படிக்கட்டும் என்று என்னை அங்கே சேர்த்தார். ஆகவே விடியற்காலையில் கத்தினால் நல்ல பிள்ளை, எட்டு மணிக்கு வாயை மூடினால் நல்ல பிள்ளை. அந்த வயதில் அது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிறதுபோல ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதுக்குள் போய்விடுவேன். இரண்டும் ஒரே மண்டபத்துக்குள் வந்து மோதிய ஒரு கிழமையைத்தான் சொல்லப் போகிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சுடுகிறது. அன்றைக்குச் சுட்டதற்குக் காரணம் ஒன்று, இன்றைக்குச் சுடுகிறதற்குக் காரணம் இன்னொன்று.

சமய பாட நேரத்தில் வேதக்காரப் பிள்ளைகள் சிஸ்டரிடம் ஞானோபதேசம் படிப்பார்கள். சைவப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் இருந்தார். முஸ்லிம் பிள்ளைகள் நாங்கள் கொஞ்சப் பேர்தான். மண்டபத்தின் கடைசித் தட்டிக்குப் பின்னால் இருந்து கணக்குச் செய்துகொண்டிருப்போம். எங்கள் ஆட்கள் போய்ப் பேசினார்கள். கடைசியில், ஒரு ஆளைக் கொண்டு வாருங்கள், திங்கள் தொடக்கம் வெள்ளி வரை ஒரு கிழமை படிப்பிக்கட்டும், சிஸ்டர் நல்லது என்று சொன்னால் நியமனத்துக்கு எழுதுவோம் என்று பள்ளிக்கூடத்தில் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கதை காதில் விழுந்த உடனே உம்மா தன் தம்பியைத்தான் நினைத்தார்.

மாமா மதரசாவில் ஓதியவர். அவர் தகப்பன், என் மூத்தாப்பா, மௌத்தாகிப் போன வருஷம் கடைசி வகுப்பை முடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல குரல். அவர் யாசீன் ஓதினால் மதிலுக்கு அந்தப் பக்கம் மீன் வெட்டுகிறவள் கத்தியை வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொள்வாள். ஆனால் குரலைக் கொண்டுபோய்க் கடையில் அரிசி வாங்க முடியாது. சாய்ந்தமருதில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு பெண்ணோடு வரும், மாப்பிள்ளை ஒரு உத்தியோகத்தையாவது கொண்டு வர வேண்டும். உத்தியோகம் கிடைத்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை ஒரு வாசலில் ஏற்றிவிட வேண்டும் என்று உம்மா துஆ கேட்காத தொழுகை இல்லை.

திங்கட்கிழமை காலை உம்மா கரி அயன் பெட்டியை ஊதி ஊதி மாமாவின் வெள்ளைச் சாரத்தைத் தேய்த்தார். மாமா அத்தர் பூசிக்கொண்டு என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றினார். வழி முழுக்க அந்த அத்தர் மணத்துக்குள் நான் ராணி மாதிரி இருந்தேன். பள்ளிக்கூடம் போன உடனே பக்கத்தில் இருக்கிறவளிடம், அவள் ஒரு வேதக்காரப் பிள்ளை, “இண்டைக்கு வாற சேர் என்ட மாமா” என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று மத்தியானத்துக்குள் நினைத்துவிட்டேன்.

மாமா வந்து முதலில் எங்களைக் கை கால் கழுவி ஒளுச் செய்யப் பைப்படிக்கு அனுப்பினார். நாங்கள் திரும்பி வர, தும்பு போட்டுத் தேய்த்த அந்தச் சிவப்புத் தரை முழுக்க ஈரக் கால் அடையாளம். பாடப் புத்தகத்தை எடுத்தார், இரண்டு பக்கம் புரட்டினார், பைக்குள் வைத்துவிட்டார். ஓதுங்கள், கேட்போம் என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்தக் கூரைக்குக் கீழே எங்கள் வாய் அப்படித் திறந்ததில்லை.

“என்ன புள்ளையள், வாய்க்குள்ள ஓதினா எனக்கு என்னண்டு பிழை தெரியும்? சத்தமா ஓதுங்க.”

ஒருத்தி தொடங்கினாள். பிறகு மற்றவள். பிறகு கேட்க வேண்டுமா. ஆளுக்கொரு சூரா, ஆளுக்கொரு இழுவை. இருந்த வாங்கு ஆட ஆட நாங்கள் ஓதினோம். மாமா கண்ணை மூடிக்கொண்டு எங்களுக்கு நடுவில் நடந்தார். நடந்தபடியே ஒருத்தியின் தலையைத் தொட்டுப் பிழை திருத்தினார். லெப்பையைவிட நன்றாகத் திருத்தினார், அதையும் சொல்ல வேண்டும்.

தட்டிக்கு அந்தப் பக்கம் டக்.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றோம். கடல் இரைகிறது மட்டும் கேட்டது. மாமா கண்ணைத் திறந்தார். ஏன் நிறுத்தினீர்கள், ஓதுங்கள் என்றார். ஓதினோம். திரும்பவும் டக். நின்றோம். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “அங்கால காகம் தொரத்துறாங்க போல. நீங்க ஓதுங்க” என்றார். அந்தப் பக்கம் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் வந்தது. அதற்கும் ஒரு டக். அந்தப் பாடம் முடிகிறதுக்குள் நாங்கள் எத்தனை தரம் செத்துப் பிழைத்தோம் என்று தெரியாது. எனக்கு ஓத வாயும் வரவில்லை, மூட வாயும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் பையன்கள் சிலர் வரிசையாக மதிலில் ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினார்கள். ஓதல் தெரியாததால் வண்டுபோல ரீங்காரம் போட்டார்கள். பிள்ளைகள்தானே. ஆனால் அன்றைக்கு அது என் நெஞ்சில் குத்தியது. ‘அந்தச் சேர் இவட மாமா’ என்று ஒருவன் விரலை நீட்டினான். காலையில் நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கோயில் வளைவு வந்ததும், கால் மரத்துப் போச்சு என்று சொல்லிச் சைக்கிளால் இறங்கிவிட்டேன். மாமா நம்பினார். என்னை வளைவில் விட்டுவிட்டு மணியடித்துக்கொண்டு தனியாகப் போனார்.

அன்றும் அதே ஓதல், அதே டக். பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில், அந்தச் சத்தம் என்ன என்று மாமா கேட்டார். நான் விளங்கப்படுத்தினேன். ஒரு டக்குக்கு வாயை மூட வேண்டும், இரண்டுக்கு எழும்ப வேண்டும் என்றேன். மாமா மிதிக்கிற வேகம் குறைந்தது.

“அப்ப அவ என்னையும் சேத்துத்தான் வாய மூடச் சொல்லிரிக்கா.”

எனக்கும் அப்படித்தான் விளங்கியிருந்தது.

புதன்கிழமை நாங்கள் ஓதத் தொடங்கிய கையோடு அந்தப் பக்கம் இரண்டு டக் கேட்டது. வாங்குகள் இழுபட்டன. சிஸ்டர் தன் பிள்ளைகளை வரிசையாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். எங்கள் தட்டியைக் கடக்கும்போது அவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் விறாந்தையில் கொண்டுபோய் அவர்களை இருத்தினார். மாமா தட்டிக்கு மேலால் பார்த்தார். வெறும் வாங்குகள். கரும்பலகையில் பாதி எழுதின வசனம். ஓதல் நிற்கவில்லை, ஆனால் மாமா அதற்குப் பிறகு யாருக்கும் பிழை திருத்தவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யன்னல் பக்கம் போய் நின்றார்.

வீட்டில் உம்மா, எப்படிப் போகிறது என்று கேட்டார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், நாம ஓதுகிற சத்தம் அந்த மனிசிக்கு ஆகவில்லை போல, பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போய்விட்டார் என்று. உம்மா கையில் இருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டார். என்னைப் பார்த்து, மெய்யாகவா என்று கேட்டார். எழும்பிப் போனது மெய். ஓம் என்றேன்.

வியாழக்கிழமை மாமா எங்களை மெதுவாக ஓதச் சொன்னார். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கக் கூடாது என்றார். அதைவிடக் கேவலம் வேறில்லை. கத்திப் பாடமாக்கியதை வாய்க்குள் ஓதப் போனால் பாதியில் அறுந்துவிடுகிறது. ஒருவரின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர் போகிறோம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொருத்தியாகத் தடுக்கி நின்றோம். மாமாவுக்கு வியர்த்தது. அத்தர் மணம் போய் வியர்வை மணம் வந்தது. அன்றும் சிஸ்டர் பிள்ளைகளை வெளியே கொண்டுபோய்விட்டார். நடுவில் மழை தூறியது. கோயில் விறாந்தை ஒடுக்கம், சாரல் அடிக்கும். பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள், சிஸ்டரின் வெள்ளை உடுப்பின் கீழ்ப்பக்கம் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. மழை பெருத்தும் அவர்கள் உள்ளே வரவில்லை. மாமா யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு மாமாவின் முதுகைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அந்த மழைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மாமா அதை வீட்டில் சொன்னார். நானும் சொன்னேன். வாப்பா வெள்ளாமை வெட்டுக்கு வயல் வாடியில் தங்கியிருந்தார். அவர் இருந்திருந்தால் இரண்டு பக்கத்தையும் கேட்டிருப்பார். உம்மாவுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

“புள்ளையள மழைக்குள்ள நனய வெச்சாலும் வெப்பா, நம்மட ஓதலக் கேக்கமாட்டா எண்டா, எவ்வளவு வெறுப்பு இரிக்கணும்?”

பொழுது பட்டு மஃரிபு தொழுத கையோடு உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு, பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் வீட்டுக்குப் போனார். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. கதிரையில் இருந்தபடி விளக்குத் திரியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாமா, நீ நடந்து போ, நான் பிறகு வாறன் என்றார். நான் தனியாகப் போனேன். சமய பாட நேரம் வந்தது. மண்டபத்துக்கு அங்கால் தையல் அறை ஒன்று இருந்தது, பெரிய பிள்ளைகள் பூவேலை பழகுகிற இடம். அதன் கதவு திறந்து கிடந்தது. மெஷின்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தரை முழுக்கப் பன்பாய் விரித்திருந்தார்கள். தையல் கண்காட்சி வருகிறதாக்கும் என்று நினைத்தேன். சிஸ்டர் வாசல் கேற்றைப் பார்த்தபடி நின்றார். என்னைக் கண்டதும் கிட்ட வந்து குனிந்தார்.

“மாமா இண்டைக்கு வரேல்லையோ பிள்ளை?”

தெரியாது என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் கேற்றைப் பார்த்தார். பிறகு எங்கள் தட்டிக்குப் பின்னால் வந்தார். வேதக்காரப் பிள்ளைகளைத் தாங்களாக எழுதச் சொல்லிவிட்டு எங்கள் முன்னால் கதிரையில் உட்கார்ந்தார். டக்குக் கட்டையை மேசையில் வைத்தார். அதை அவர் கையைவிட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

“நீங்கள் ஓதுங்கோ பிள்ளையள். நான் இருக்கிறன்.”

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இது ஏதோ தந்திரம் என்று நினைத்தோம். ஓதினால் அடி விழும் என்று எங்களில் ஒருத்தி என் காதுக்குள் சொன்னாள். சிஸ்டர் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணி அடிக்கும் வரைக்கும் அந்த மண்டபத்தின் மிக நல்ல பிள்ளைகளாக வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

அன்றைய ஜும்ஆவுக்குப் பிறகு ஊர் முடிவெடுத்தது. மரைக்கார்மார் போய்ப் பள்ளிக்கூடத்துத் தலைவியிடம் பேசினார்கள். ஓதலைக் கேட்டு எழும்பிப் போகிறவரிடம் எங்கள் பிள்ளைகள் படிக்காது என்றார்கள். திங்கட்கிழமை நாங்கள் யாரும் போகவில்லை. எனது சிலேட்டும், தண்ணீர் வைக்கிற சின்னப் போத்தலும், அதற்குள் போடுகிற பஞ்சும் அங்கேயே கிடந்துவிட்டன. தவணை முடிகிறதுக்குள் சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அதை நம் தெருவில் ஒரு வெற்றியாகப் பேசினார்கள். ரோஷக்காரர்கள் என்று பெயர் எடுத்தோம்.

சாய்ந்தமருதுப் பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை வந்தான். மாமா மருதமுனையில் சாரம் எடுத்து, சைக்கிளில் கட்டி, உள்ளூர்களுக்குக் கொண்டு போய் விற்றார். பிறகு எங்கோ ஒரு வீட்டில் கல்யாணம் ஆகிப் பிள்ளை குட்டியும் கண்டார். ஆனால் அந்தக் குரலை மட்டும் யாரும் திரும்பக் கேட்கவில்லை. நோன்பில் தராவீஹ் தொழுவிக்கக் கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்பார். மௌத்து வீடுகளில் கூட வாய்க்குள்தான் ஓதுவார். அந்த மனிசிதான் என்ட தம்பிட குரலைத் தின்றவ என்று உம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நாங்களும் நம்பினோம். என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நானே பிறகு ஒரு டீச்சராகிப் பென்சன் எடுத்தவள். வகுப்பில் பிள்ளைகளைச் சத்தம் போட்டுப் படியுங்கள் என்று விட்டவள். அதில்கூட அந்த சிஸ்டருக்கு ஒரு பதில் சொல்கிற நினைப்பு எனக்கு இருந்தது.

போன நோன்புக்கு முன்னால் ஒரு நாள் கண் கிளினிக்குக்குப் போனேன். மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். வரிசையாகக் கிழவிகள், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு. தாதி என் பெயரைக் கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்தாள். கண்ணைத் திறக்காமலே, கோயில் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவளா என்று கேட்டாள். அவளேதான், வருகிற சேர் என் மாமா என்று நான் பெருமையடித்த அந்த வேதக்காரப் பிள்ளை. முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு பேரும் கையை மட்டும் தடவிக்கொண்டு சிரித்தோம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சுனாமியில் கடல் வந்த அன்று யார் யாரைப் பறிகொடுத்தோம், மண்டபம் அத்தோடு போனது எல்லாம் பேசினோம். பிறகு கேட்டாள்.

“நீங்க எல்லாரும் ஏன் கா ஒரே நாளில வராம விட்டீங்க?”

நான் கொஞ்சம் சூடாகவே சொன்னேன், உங்கட சிஸ்டர் எங்கட ஓதலைக் கேட்டு டக் அடித்ததும், எழும்பிப் போனதும் என்று. அவள் என் கையை விட்டுவிட்டாள்.

“அந்த டக் உங்களுக்கில்ல, எங்களுக்கு. நாங்கதானே சிரிச்ச. எவ்வளவு சொல்லியும் எங்கட சிரிப்பு நிக்கல்ல. அந்த சேர் புதுசு, நீங்க சிரிச்சா அவர் வெக்கப்படுவார், அவங்க ஆசையா ஓதட்டும், நாம வெளிய போவம் எண்டுதான் சிஸ்டர் கூட்டிட்டுப் போனவ. மழைக்குள்ளயும் உள்ள விடல்ல. பிறகு தையல் அறைய உங்களுக்கெண்டு ஒதுக்கினவ. பாயில இருந்துதான் ஓதுவீங்க எண்டு கேள்விப்பட்டு, எங்க வீட்டுப் பாயும் கேட்டவ. நான்தான் தலையில வெச்சிக் கொண்டு போன.”

மூடியிருந்த கண்ணுக்குள் மருந்து எரிந்தது. மருந்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டர் இப்போது எங்கே என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தில் வயதான கன்னியாஸ்திரிகள் இருக்கிற மடத்தில் எப்போதோ செத்துவிட்டார் என்றாள். ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு நல்ல மனிசியைத் துரத்திவிட்டு, அதை ரோஷம் என்று சொல்லிக்கொண்டு அறுபது வருஷம் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறோம். அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மாமாவிடம் போனேன். சாய்ந்தமருதில் கடைசி மகளோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். காது அனேகமாகப் போய்விட்டது. சொல்வதா விடுவதா என்று ஓட்டோவுக்குள் இருந்து யோசித்துக்கொண்டே போனேன். வாழ்க்கை முழுக்க ஒரு மனிசியைக் குற்றம் சொன்னவரிடம், முடிகிற நேரத்தில் போய், குற்றம் சிஸ்டரில் இல்லை என்று சொல்லத்தான் வேண்டுமா? ஆனாலும் சொன்னேன். மாமாவின் காதுக்குக் கிட்டப் போய்க் கத்திக் கத்திச் சொன்னேன். சிரித்தது பிள்ளைகள், டக் அவர்களுக்கு, வெளியே போனது உங்களுக்காக, பாய் விரித்தது எங்களுக்கு என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை.

“தெரியும் மருமகள். பாய நான் கண்டன்.”

காது கேட்காதவர்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள். ஆனாலும் அந்த வீட்டில் அப்படி ஒரு குரல் அதுவரை கேட்டதில்லை. மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றாள். மாமா அவளைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

“வெள்ளிக்கிழமை நான் வந்த. கேற் மட்டும் வந்த. யன்னலால பாய் தெரிஞ்சிச்சி. அந்த மனிசி ஒளுவுக்கெண்டு குடத்தில தண்ணியும் கொண்டு வந்து வெச்சா. கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிட்டு. உள்ள போயிருக்கலாம். போனா ராத்தாட, உன்ட உம்மாட, கதை பொய்யாகிரும். அவ முதல் நாளே மரைக்காருக்குச் சொல்லிட்டா. நான் சொல்லித்தான் அவ சொன்ன. பிறகு நான் போய் இல்ல எண்டு சொன்னா, ராத்தாட முகம் எங்க, என்ட முகம் எங்க? சைக்கிளத் திருப்பிட்டன். மரைக்கார்மாரு போய்க் கதைக்கக்குள்ள நானும் பின்னால நிண்ட நான். அந்த மனிசியும் அங்க நிண்டு என்னத்தான் பாத்தா. நான் வாய் தொறக்கல்ல.”

மெல்லக் கதையுங்கள் மாமா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று சொல்ல என் வாய் வந்தது. பள்ளிக்கூடத்தில் பழகிய வாய். சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். உம்மா சொன்னது பொய். குரலைத் தின்றவர் சிஸ்டர் இல்லை. அன்றைக்குத் திறக்காத வாயால் பிறகு ஓத மாமாவுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் அவர் வாய்க்குள் முணுமுணுத்தது ஓதலை மட்டும்தானா என்று எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது.

மாமா மூச்சு வாங்கினார். மகள் கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அந்த மனிசி இப்ப எங்க இரிக்கா? என்னைக் கூட்டிட்டுப் போவியா?”

அவர் செத்துவிட்டார் என்றேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. மாமா காதில் கையை வைத்து என் பக்கம் சாய்ந்தார்.

“வாய்க்குள்ள சொல்லாத. சத்தமாச் சொல்லு.”

நான் வாயைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி, இன்னொரு தரம் சொன்னேன். இந்த முறை அவருக்குக் கேட்டது. தண்ணீர்க் கோப்பையை மகளிடம் கொடுத்துவிட்டுச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.